மற்ற புத்தகங்களை யார் பார்த்தது?

கேள்வி: பெங்களூரு ஜீவன்பீமா நகரில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு வகுப்பில் ஓர் ஆங்கில மாயாஜால நாவலைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். புரட்டிப் பார்த்தேன். சூனியக்காரி, கொலை, அப்பா பேச்சை மீறி ஓடிப்போகும் பெண். கதைப்புத்தகம் படிப்பதை நான் தடுத்ததே இல்லை. மாதம் ஒரு ஞாயிறு சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடையில் இறக்கிவிட்டு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிடுவேன். நான் காபி ஹவுஸில் உட்கார்ந்திருப்பேன், வேண்டியதை அவளே வாங்கி வருவாள். ஆனால் பள்ளிக்கூடமே இப்படிச் செய்யலாமா? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கையெழுத்து வாங்கிப் பிரின்சிபாலிடம் கொடுக்கப் போகிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை, தம்பி.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஊரும் புத்தகமும்தான் மாறும். சூனியக்காரியைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க மாட்டேன். வேதாளத்தையும் இடும்பியையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவிலும் ஹாரி பாட்டர் மந்திரம் கற்றுக்கொடுக்கிறது என்று நூலகம் நூலகமாகப் புகார் போனது. என்ன குடி முழுகியது?

என்னை உறுத்துவது அந்தக் காபி ஹவுஸ். அதை ஏதோ தாராள மனசு போல எழுதியிருக்கிறீர்கள். அவள் அலமாரியில் இருக்கும் புத்தகங்களில் மூன்றின் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். அட்டையில் வாளும் ரோஜாவும் இருந்தால் பிள்ளைகள் கதை என்று நினைத்துக்கொண்டீர்களா? 'எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ்' என்ற நாவல் 2015இல் பதின்வயதினருக்கான வரிசையில்தான் விற்பனைக்கு வந்தது. படுக்கையறைக் காட்சிகள் பச்சையாகவே உள்ள கதை. 2020இல் அட்டையை மாற்றிப் பெரியவர்கள் வரிசைக்குக் கொண்டுபோனார்கள். பதிப்பகத்துக்கே எல்லை தெளிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. உங்கள் மகளுக்கு இந்த விவரமெல்லாம் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது.

வகுப்பில் கொடுத்த புத்தகம் அப்படியில்லை. அவள் கைக்கு வருவதற்கு முன் பெரியவர் ஒருவர் படித்துப் பார்த்த புத்தகம் அநேகமாக அது ஒன்றுதான். அந்தப் பெண் ஏன் ஓடினாள், ஓடியது சரியா என்று டீச்சர் வகுப்பில் பேச வைப்பார். உங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யார் எடுப்பது? பணம் கொடுப்பது அப்பா வேலையில் கால் பங்கு. பிள்ளையின் மனசுக்குள் யார் யார் நடமாடுகிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது மீதி முக்கால். அதை நீங்களும் செய்யாமல், செய்கிற டீச்சர் மேல் மனு கொடுப்பது எந்த ஊர் நியாயம்? (கடிதத்தில் உங்கள் மனைவி ஒரு வரியில்கூட வரவில்லை. அதற்குத் தனிப் பஞ்சாயத்து வைக்க வேண்டும்.)

நேரமில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். ராத்திரி போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரம் போதும். அந்த நாவலை அவளிடம் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். அடுத்த ஞாயிறு கடைக்குள் நீங்களும் போங்கள். ஒட்டிக்கொண்டே நின்று ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பார்க்க வேண்டாம், பதினான்கு வயசுப் பெண் கூசிப்போவாள். உங்களுக்கு ஒன்று தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லுங்கள். எவ்வளவு தடியாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பு நாவலை முடித்த பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால், டீச்சரைத் தனியாகப் பார்த்து, எந்தப் பக்கம் என்று காட்டிப் பேசுங்கள். புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களிடம் கையெழுத்து கேட்டு அலைய வேண்டாம்.