ஈஸ்ட் பாட்டிலால் இலை பச்சையாகாது

படுக்கையறை மணிபிளான்ட் செழிக்கக் கரியமில வாயு கிடைக்கட்டும் என்று, அதன் அருகே 200 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த பாட்டிலை வைத்தும் இலை மஞ்சளாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சர்க்கரை முழுவதும் புளித்தாலும் சுமார் 100 கிராம் கரியமில வாயுதான் வரும். அதுவும் பல நாட்களில். மனிதர் ஒருவர் மூச்சில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ விடுகிறார். நீங்கள் இரண்டரை மணி நேரம் அறையில் உட்கார்ந்திருந்தாலே பாட்டிலின் வேலை முடிந்துவிடும்!

உங்கள் செடிக்கு வாயுப் பஞ்சம் இல்லை. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். சேறாக ஒட்டினால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். மண் காயும்வரை தண்ணீர் ஊற்றாமல், வெளிச்சமான ஜன்னலோரம் நகர்த்துங்கள்.

பாட்டிலை விட மனமில்லை என்றால் மூடியை மட்டும் இறுக்காதீர்கள். நான் இறுக்கினேன், நள்ளிரவில் வெடித்தது. சுவரில் கள் வாடை ஒரு வாரம் போகவில்லை.