வண்டிக் கேள்வி: அணைய மறுக்கும் செக் எஞ்சின் விளக்கு

கேள்வி: 2009 மாடல் பெட்ரோல் கார். செக் எஞ்சின் விளக்கு அணைவதில்லை. ஸ்கேனரில் பி0118 என்ற பிழைக் குறியீடு (கோடு) வருகிறது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை இரண்டு முறை மாற்றியாயிற்று. ரேடியேட்டர் ஃபேன் எந்நேரமும் ஓடுகிறது, புகையில் பெட்ரோல் வாடை. என்ன செய்யலாம்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: மூன்றாவது சென்சார் வாங்காதீர்கள். பி0118 என்றால் அந்த சர்க்யூட்டில் வோல்டேஜ் கூடுதலாக நிற்கிறது என்றுதான் பொருள். ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பும். சென்சார் அதை எர்த்துக்கு இறக்கும். எஞ்சின் சூடேறச் சூடேற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும். பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு வரும். நடுவில் எங்கேயாவது வயர் அறுந்திருந்தால் 5 வோல்ட் இறங்காமல் அப்படியே நிற்கும். ஈசியு அதை மைனஸ் 40 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த அளவை நம்பாமல் தானே ஒரு வெப்பநிலையை வைத்துப் பெட்ரோலைத் தோராயமாக அளக்கும். வாடைக்குக் காரணம் அதுதான். ஃபேன் நிற்காமல் ஓடுவதும் எஞ்சினைக் காப்பாற்ற ஈசியு செய்யும் ஏற்பாடு.

ஒரு துண்டு வயரும் மல்டிமீட்டரும் போதும். சாவியை அணைத்துவிட்டு சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். வயர் பக்கமுள்ள இரண்டு பின்களையும் அந்தத் துண்டு வயரால் இணைத்து, சாவியை ஆன் செய்து ஸ்கேனரில் வெப்பநிலையைப் பாருங்கள். மைனஸ் 40 போய் 120 டிகிரிக்கு மேல் தாவினால் வயரும் ஈசியுவும் நன்றாக இருக்கின்றன. கோளாறு சென்சாரில், அல்லது கனெக்டர் பின் தளர்ந்து பிடிப்பில்லாமல் இருக்கிறது. தாவவில்லையா? சிக்னல் பின்னை மட்டும் எஞ்சின் பாடியில் தொடுங்கள். இப்போது தாவினால் சென்சாரின் எர்த் வயர் அறுந்திருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் சிக்னல் பின்னில் 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து, வராவிட்டால் ஈசியு வரை அந்த வயரைத் தொடர்ந்து பாருங்கள். சில கார்களில் ஸ்கேனர் மாற்று அளவையே காட்டும். அங்கே சிக்னல் வயரின் வோல்டேஜை ஈசியு முனையில் அளப்பதே நம்பகமானது: அறுந்திருந்தால் 5, எர்த்தில் ஒட்டியிருந்தால் 0. எந்தச் சோதனையிலும் பேட்டரியின் 12 வோல்ட் இந்தப் பின்களில் படக்கூடாது.

பழைய வண்டியில் வயர் பெரும்பாலும் கனெக்டரை ஒட்டித்தான் அறும். மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு கறுத்து விட்டுப்போயிருக்கும். ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அறுந்த வயரின் உறை ரப்பர்போல நீளும். எலி கடித்த தடமும் தேடுங்கள்.

இன்னொன்று. நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் சென்சார் முனையில் படிவு ஏறி, புதிய சென்சாரும் மந்தமாகிவிடும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

கேள்வி: சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் மேட்டில் எஞ்சின் திடீரென நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் எந்தக் கோடும் இல்லை.
– வாசகர், நல்லம்பள்ளி

பதில்: முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங்க் சென்சாரை (எஞ்சின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்வது). சூட்டில் அதன் உள் கம்பிச் சுருள் விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு அளந்தால் சரியாகத்தான் காட்டும், ஒர்க்‌ஷாப்பில் பிடிபடாமல் போவது அதனால்தான். நின்றுபோன உடனே செல்ஃப் அடித்தபடி ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். எஞ்சின் சுற்றியும் ஆர்பிஎம் 0 என்றே இருந்தால் சென்சார் அல்லது அதன் வயர். கிராங்க் சிக்னல் இல்லையென்றால் ஈசியு பெட்ரோல் பம்பையும் நிறுத்திவிடும், ஆகவே பம்ப் ஓடவில்லை என்பதை வைத்து பம்பை மாற்றிவிடாதீர்கள். ஆர்பிஎம் சரியாக வந்தால் மெயின் ரிலேயின் சால்டர் விரிசல் அடுத்த சந்தேகம். இரண்டு வயர் சென்சாரை ஓம் மீட்டரில் அளக்கலாம். மூன்று வயர் ஹால் சென்சாருக்கு அந்தச் சோதனை பொருந்தாது. முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள்.

இதைச் சரிசெய்யும் வரை அந்தக் கணவாயில் வண்டியை ஓட்டவே வேண்டாம். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் உதவிக்கு இருக்காது, பின்னால் பாரம் ஏற்றிய லாரிகள் வரும்.

கேள்வி: எஞ்சின் ஓடாதபோது மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) கிருஷ்ணகிரியில் 95 கிலோபாஸ்கல், ஓசூரில் 91 காட்டுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: சென்சார் நன்றாக இருக்கிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101. ஏறக்குறைய 100 மீட்டர் ஏறினால் 1 கிலோபாஸ்கலுக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஓசூர் உயரமான ஊர். ஐடிலிங்கில் 30 முதல் 40க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 50க்கு மேல் நின்றால் வேக்கூம் குழாயில் கசிவு தேடுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் நான்கு சென்சார்களுக்குக் கோடு வந்தது. ஈசியு போய்விட்டது, பழையது ஒன்று வாங்கி மாட்டலாம் என்கிறார்கள்.
– வாசகர், அரூர்

பதில்: நான்கு சென்சார்கள் ஒரே நாளில் கெடுவது அரிது. அவை பொதுவாகப் பகிரும் 5 வோல்ட்டையும் எர்த்தையும் முதலில் பாருங்கள். சாவி ஆனில் த்ராட்டில் சென்சார் கனெக்டரில் 5 வோல்ட் இல்லையென்றால், அதே லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் மற்றவற்றையும் இழுத்துப் படுக்கவைத்தது. ஏசி பிரஷர் சென்சாரையும் மறக்காதீர்கள். அடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி மைனஸுக்கும் ஈசியு எர்த் பின்னுக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். சார்ஜிங் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால் மட்டும் ஈசியுவைத் தொடுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகே அதன் கனெக்டரை இழுக்க வேண்டும். பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, உள்ளே கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறு வண்டியின் ஈசியு என்றால் பார்ட் நம்பர் முழுதும் பொருந்த வேண்டும். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) உள்ள காராக இருந்தால் சாவியையும் பதிவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. மாற்றுவதற்கு முன் இஞ்செக்டர்களையும் இக்னிஷன் காயிலையும் அளந்துவிடுங்கள். சாதாரண இஞ்செக்டர் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் காட்டும். அவற்றில் ஒன்று ஷார்ட் ஆகி பழைய ஈசியுவை எரித்திருந்தால், மாட்டிய அன்றே புதியதையும் எரித்துவிடும்.