ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், ஆனாலும் வளரவில்லை. தோட்டம் இதற்கு ஏதாவது சொல்லுமா?

கேள்வி: தோட்ட வேலையிலிருந்து ஆவிக்குரிய வளர்ச்சிக்கு என்ன கற்றுக்கொள்ளலாம்? தினமும் ஜெபம், வேத வாசிப்பு, வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் எல்லாம் உண்டு. ஆனாலும் வளர்ந்த மாதிரி தெரியவில்லை. சபை மாறினால் சரியாகுமா?

பதில்:

கடைசியில் கேட்டதுதான் உங்கள் மனதில் முதலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கடலூர்க்காரன். எங்கள் மாவட்டத்தில் முந்திரி வைப்பவர்கள் ஒட்டுக்கன்றாகப் பார்த்துத்தான் வாங்குவார்கள். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்கள் அப்படித்தான் தோட்டத்துக்கு வருகின்றன. விதை போட்டு வளர்த்த இளங்கன்றின் தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்து, நல்ல தாய்மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கிச் சொருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். பிடித்துக்கொண்டால் வேர் ஒன்றுடையது, காய் இன்னொன்றுடையது.

வாங்கி வந்து நட்டவருக்கு இதில் விடாத வேலை ஒன்று உண்டு. ஒட்டுக்குக் கீழே, அடித்தண்டிலிருந்து துளிர் கிளம்பும். மேலே உள்ள குச்சி தயங்கித் தயங்கி இலை விடும்போது, இது தளதளவென்று வரும். பழக்கமில்லாதவர் பார்த்தால், "அடடா, கன்று நல்லா பிடிச்சிடுச்சே" என்பார். விட்டுவைத்தால் சத்தெல்லாம் அதற்கே போய், மேலே உள்ள ஒட்டு சவலையாகிக் காய்ந்துவிடும். செடி பச்சையாகத்தான் நிற்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் மட்டும் அதில் இருக்காது. நகத்தால் கிள்ளும் பருவத்திலேயே கிள்ளிவிட வேண்டும். முற்றினால் கத்தி எடுக்க வேண்டிவரும்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் இந்தத் துளிரைப் பற்றித்தான். சபைகளில் வளர்ச்சி என்று நாம் கொண்டாடுவதில் கணிசமானது ஒட்டுக்குக் கீழே, நம் பழைய சுபாவத்திலிருந்து துளிர்ப்பது. ஜெபம் நீளமாகிறது, வசனம் மனப்பாடமாகிறது, பாடகர் குழுவில் முன்வரிசை கிடைக்கிறது. கூடவே அடுத்தவர் ஜெபத்துக்கு மார்க் போடும் புத்தியும் வளர்கிறது. கலாத்தியர் 5-ல் பவுல் சொல்லும் மாம்சத்தின் கிரியைகளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வேசித்தனத்தோடும் விக்கிரகாராதனையோடும் அதே மூச்சில் பகைகள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள் என்று போகிறது. சபைத் தேர்தல் நேரத்தில் இவற்றையெல்லாம் வைராக்கியம் என்று சொல்லிக்கொள்வோம். (பவுல் அந்த வைராக்கியத்தையும் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறார்.)

ரோமர் 11-லும் ஒட்டுக்கட்டுதல் வருகிறது. ஆனால் அங்கே தலைகீழ்: காட்டொலிவக் கிளையை எடுத்து நல்ல ஒலிவமரத்தில் ஒட்டுகிறார்கள். எந்த நர்சரிக்காரரும் அப்படிச் செய்யமாட்டார். பவுலுக்கும் அது தெரியும். "சுபாவத்திற்கு விரோதமாய்" என்று அவரே எழுதுகிறார். உதவாத கிளைக்கு நல்ல வேர் கிடைப்பது தோட்டக்கலையில் சேராது, கிருபையில்தான் சேரும். ஆகவே என் முந்திரிக்கன்றை ரோமர் 11-க்கு விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று யூரியா. கத்தரிக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் இலை அகலமாக, கரும்பச்சையாக வரும், பூ குறையும். வாரம் முழுக்க யூடியூப் பிரசங்கம், மாதத்துக்கு ஒரு கன்வென்ஷன் என்று போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் செடிதான் ஞாபகம் வரும். நீங்கள் அப்படியா என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் புதிதாக எதையும் கேட்காமல், ஏற்கெனவே கேட்டதில் ஒன்றையாவது செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

லூக்கா 13-ல் காய்க்காத அத்திமரத்தின் உவமை இருக்கிறது. 3 வருஷமாகக் கனி தேடி ஏமாந்த எஜமான் வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரன், இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று கெஞ்சுகிறான். மரத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்று அவன் சொல்லவில்லை. மண்வெட்டியை அவன்தான் எடுக்கிறான். கொத்தும்போது மேல்வேர் கொஞ்சம் அறுபடத்தான் செய்யும். நம் வீடுகளில் அது எப்படி வரும்? பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்திய தம்பிக்கு நீங்களாகப் போன் செய்ய வேண்டியிருக்கும். அந்த இடத்தைத் தொடாமல் 40 நாள் உபவாசம் இருந்தாலும், காய்ந்து இறுகிய மண்ணில் தண்ணீர் ஊற்றின கதைதான், எல்லாம் ஓரமாக வழிந்துவிடும்.

வேகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மறுபடி கன்று வைத்தவர்கள், ஒட்டுமுந்திரிகூடக் காய்ப்புக்கு வர மூன்றாம் வருஷம் ஆகும், நல்ல மகசூலுக்கு இன்னும் பொறுக்க வேண்டும் என்று தெரிந்தே வைத்தார்கள். மாற்கு 4-ல் விதைத்தவன் தூங்கி எழுகிறான், விதை அவனுக்குத் தெரியாத விதமாய் முளைக்கிறது. வளர்ந்தேனா என்று தினமும் உள்ளே தோண்டிப் பார்க்காதீர்கள். வேண்டுமானால் உங்கள் மனைவியிடமோ, கணவரிடமோ, அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடமோ கேளுங்கள். நீடிய பொறுமையும் சாந்தமும் இருக்கிறதா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது சபை மாறுவது. மண் உப்பாக இருந்தால் செடியை இடம் மாற்றத்தான் வேண்டும். போதனை தவறு, பணத்துக்காக மிரட்டுகிறார்கள், கேள்வி கேட்டால் சபிக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் வெளியே வாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. பாட்டு பிடிக்கவில்லை, பிரசங்கம் சப்பென்று இருக்கிறது என்பது மட்டும் காரணம் என்றால், போகிற இடத்துக்கும் அதே அடித்தண்டு கூடவே வரும். முதலில் உங்கள் போதகரிடமோ வயதான ஒரு மூப்பரிடமோ, எனக்கு இப்படி இருக்கிறது ஐயா என்று மனம்விட்டுப் பேசுங்கள். அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்று பட்டால் சொல்லிக்கொண்டு போங்கள். போன இடத்தில் சில வருஷமாவது நில்லுங்கள்.