மெமரி கார்டு எரிந்துவிட்டதாகச் சொன்னால் உடனே பணம் கட்டாதீர்கள்

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு என் தம்பி காவடி எடுத்த படங்கள் மைக்ரோ எஸ்டி கார்டில் இருக்கின்றன. புதுக் கைப்பேசியில் அதைப் போட்டால் 'கார்டு பழுது' என்று வருகிறது. மடிக்கணினி 'ஃபார்மேட் செய்யவா' என்கிறது. ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில், சிப் எரிந்துவிட்டது, 600 ரிங்கிட் ஆகும், பாதியை இப்போதே கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா?"

கட்ட வேண்டாம். சிப் எரிந்த கார்டு பெரும்பாலும் கணினியில் தலையே காட்டாது. அல்லது 64 ஜிபி கார்டு வெறும் சில எம்பி என்று காட்டும், தொட்டால் சுடும். சுட்டால் அந்த நொடியே கழற்றிவிடுங்கள். உங்கள் கார்டைக் கணினி பார்க்கிறது, உள்ளே இருப்பதைத்தான் படிக்க முடியவில்லை. காட்டும் அளவு கார்டில் அச்சிட்ட அளவை ஒட்டி இருந்தால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. ஃபார்மேட் கேள்விக்கு மட்டும் 'சரி' கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது என் கேள்வி: பழைய கைப்பேசி எங்கே? 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், பல கைப்பேசிகளில் கார்டை 'உள் சேமிப்பு' ஆக வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் கைப்பேசி கார்டில் உள்ளதைக் குறியாக்கம் செய்து பூட்டி, திறக்கும் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அப்புறம் வேறு எதில் போட்டாலும் நீங்கள் சொன்ன அதே இரண்டு அறிகுறிகள்தான் வரும், கார்டுக்கு ஒரு குறையும் இல்லாவிட்டாலும். பழைய கைப்பேசியில் திரும்பப் போட்டால் படங்கள் வந்துவிடும். திரை உடைந்திருக்கிறதா? திரையை மட்டும் மாற்றுங்கள், சாவி உள்ளேதான் இருக்கிறது. போர்டை, அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை, மாற்றினால் சாவியும் போய்விடும். யாருக்காவது கொடுப்பதற்காக ரீசெட் செய்திருந்தாலும் அப்படித்தான். அதற்குமேல் எந்த ஆய்வுக்கூடமும் எத்தனை ஆயிரம் வாங்கினாலும் அந்தப் படங்களைத் தர முடியாது. முடியும் என்பவர் பொய் சொல்கிறார்.

கார்டு பூட்டப்படவில்லை என்றால் வேலை இன்னும் எளிது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளே பல நேரம் போதும். மீட்ட படங்களைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் சேமிக்காதீர்கள். இதே மென்பொருளை ஓட்டிவிட்டு நூற்றுக்கணக்கில் வாங்கும் கடைகள் உண்டு.

அதைவிட மோசம், கார்டை வாங்கி வேறு கடைக்கு அனுப்பும் இடைத்தரகர்கள். மூன்று கை மாறிய கார்டு ஒன்று என்னிடம் வந்தது. மைக்ரோ எஸ்டியில் சிப்பும் மற்ற பாகங்களும் எல்லாம் ஒரே துண்டு. கறுப்புப் பூச்சுக்கு அடியில் பொடிப்பொடியாகத் தங்கநிறப் புள்ளிகள் இருக்கும். கார்டு உண்மையிலேயே செத்திருந்தால் பூச்சை மெல்லச் சுரண்டி, அந்தப் புள்ளிகளில் முடி போன்ற கம்பிகளைப் பற்றவைத்துத்தான் படிக்க வேண்டும். யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். நுண்நோக்கியில் பார்த்தால் நாலைந்து புள்ளிகள் பெயர்ந்து போயிருந்தன. அந்தக் குடும்பத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கோப்புப் பெயர்ப் பட்டியலைக் காட்டி 'எல்லாம் கிடைத்துவிட்டது' என்றாலும் நம்பாதீர்கள். கார்டில் பெயர் பதிவது ஓரிடத்தில், படம் பதிவது வேறிடத்தில். பத்துப் படங்களை முழு அளவில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக நின்றால் அது மீட்பு இல்லை.

ஏமாந்தவர்களுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் பணம் திரும்பினாலும் பெயர்ந்த புள்ளி திரும்பாது. கார்டு நிறுவனத்தின் உத்தரவாதமும் புதுக் கார்டு தருவதோடு சரி, படங்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. இழந்த படங்களுக்காகக் கேட்க ஒரு முறையான ஏற்பாடு இல்லையே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கார்டு இன்னும் அந்தக் கடையில் இருந்தால் இன்றே போய் வாங்கி வாருங்கள். பழைய கைப்பேசியை வீட்டில் யாரும் ரீசெட் செய்துவிடாமல் எடுத்து வையுங்கள். சார்ஜ் ஏற்றி, கார்டை அதில் போட்டுப் பாருங்கள். படங்கள் தெரிந்தால் உடனே கணினிக்கு நகல் எடுத்துவிடுங்கள். தெரியாவிட்டால் கழற்றி வைத்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.