சாமிக்காகப் போட்ட மாத்திரை

கேள்வி: எனக்கு 46 வயது. ஒரு வருடமாக மாதவிலக்கு தாறுமாறாக வருகிறது. ஒரு மாதம் வராது, அடுத்த மாதம் பத்து நாளானாலும் நிற்காது. ராத்திரியில் வேர்த்துக் கொட்டித் தூக்கம் போகிறது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். ஆடியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டியிருந்ததால் மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தள்ளிப்போட்டேன். டாக்டரிடம் போனால் ஹார்மோன் கொடுப்பார்கள், கேன்சர் வரும் என்கிறார்கள். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்கிறார் மாமியார். தானாகச் சரியாகுமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: மாத்திரை வாங்கித் தள்ளிப்போட்டேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அது என்ன மாத்திரை என்று நினைத்தீர்கள்? இதற்கென்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் நார்எத்திஸ்டிரோன். அதுவே ஹார்மோன்தான் அம்மா. டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் கேன்சர், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் பிரசாதமா? காரணம் தெரியாமல் உதிரம் போகிற பெண்ணுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. காலில் ரத்தம் கட்டியவர்களுக்கும் ஆகாது. கடையில் யாராவது கேட்டார்களா? நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் இறங்கும் என்றாவது சொன்னார்களா?

தீட்டு பார்க்காதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். தேதி ஒத்துவராவிட்டால் அந்தக் காலத்தில் வீட்டில் இருந்துவிடுவார்கள், அடுத்த ஓரகத்தி பானையைத் தூக்குவாள். உடம்பை மாத்திரை போட்டு மறித்துவிட்டு வரச் சொல்லி எந்தக் குலதெய்வமும் கேட்டதில்லை.

கேன்சர் பயத்துக்கு ஒரு கதை உண்டு. 2002இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடுகிறது என்று அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதைத் தாண்டாத, மாதவிலக்கு நின்று பத்து வருடம் ஆகாத, வேறு கோளாறு இல்லாத பெண்ணுக்கு ராத்திரி வேர்வைக்கு ஹார்மோன் கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. உங்களுக்கு அது வேண்டுமா என்பதே இன்னும் தெரியாது. அதற்குள் பயம்!

மாமியார் சொல்வதில் பாதி சரி. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய சில வருடங்கள் வேர்வையும் எரிச்சலும் ஆட்டிவைக்கும். ஆனால் பத்து நாள் நிற்காமல் போவது வேறு சங்கதி. அவர் காலத்தில் அதற்குப் பெரும்பாடு என்று தனிப் பெயரே இருந்தது, கேட்டுப் பாருங்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், உள்சவ்வு தடித்திருக்கலாம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. நீங்கள் எரிந்து விழுவதில் அதற்கும் பங்கு இருக்கலாம். ஸ்கேன் எடுப்பார்கள். இந்த வயதில் உள்சவ்விலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கவும் சொல்லலாம், மறுக்காதீர்கள். எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை அகற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

குடும்பத்துக்காக ஓடாதே, உன்னை மட்டும் பார் என்று பேசுகிற கட்சி இல்லை நான். வீட்டுக்காகப் பெண் உழைக்கத்தான் வேண்டும், ஆணும்தான். ஆனால் கடிதம் முழுக்க உங்கள் வீட்டுக்காரர் எங்கே? பொங்கலுக்கு நாள் குறித்தபோது இருந்திருப்பாரே. ராத்திரி நீங்கள் எழுந்து உட்கார்ந்திருப்பது பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியாதா, இல்லை நீங்கள் சொல்லவேயில்லையா? சொல்லாமல் மறைப்பதைக் கடமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த வாரமே மாவட்ட அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குப் போங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு. எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை அட்டை வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். டாக்டர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.