எக்ஸ்ரே கற்பிப்பதும் ஆய்வுதான்

வணக்கம், டாக்டர். ஹவுஸ் சர்ஜன்களுக்கு மார்பு எக்ஸ்ரே பார்க்கக் கற்பிப்பதை ஆய்வு செய்ய விரும்புவதாகவும், அது கதிரியக்கத் துறை ஆய்வே அல்ல என்று மூத்தவர் ஒருவர் தடுத்ததால் பேராசிரியர் கனவு கெடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கைவிடாதீர்கள். எம்.டி. ஆய்வேட்டை வழக்கமான தலைப்பில் முடித்துவிட்டு, இதைத் தனி ஆய்வாகச் செய்யுங்கள்.

டெல்டாவின் ஒரு மருத்துவமனையில், நள்ளிரவில் ஹவுஸ் சர்ஜன் ஒருவர் படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தும், நுரையீரல் உச்சியில் முடியிழை போல் ஓடிய நியூமோதொராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே, மார்புக்குள் காற்று சேர்வது) கோட்டைத் தவறவிட்டதை நேரில் கண்டிருக்கிறேன். அந்தக் கண்ணைப் பழக்குவது எப்படி என்பதைவிட நம் துறைக்கு நெருக்கமான கேள்வி எது?

பயிற்சிக்கு முன்னும் பின்னும் தேர்வு வைப்பதோடு நிற்காமல், ஆறு வாரம் கழித்து வேறு படங்களைக் கொண்டு மீண்டும் சோதியுங்கள். உடனடித் தேர்வில் தெரிவது பெரும்பாலும் அன்றைய நினைவுதான். பயிற்சியின் பலனை மதிப்பிட டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் எழுதத் தொடங்கிய நான்கு நிலைகளில் மூன்றாவதான நடத்தை மாற்றம், அதாவது வார்டில் உண்மையில் என்ன மாறியது என்பது, எட்டினால் மிகச் சிறப்பு. பதவி உயர்வுக்கு வெளியான கட்டுரைகளும் மருத்துவக் கல்விப் பயிற்சியும் கணக்கில் வருவதால், இந்த உழைப்பு வீண்போகாது.

நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தொடங்குமுன்பே பெறுங்கள். பயிற்சியில் இருப்பவர்கள் மறுக்கத் தயங்குவார்கள் என்பதால், அவர்களை மதிப்பிடும் ஆசிரியர் கையால் ஒப்புதல் படிவம் கொடுக்கப்படக் கூடாது.