தார்ப்பாய் கட்டும்போது மட்டும் நெஞ்சு அடைக்கிறது

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டுகிறார். டிரிப் போனால் வீடு திரும்பப் பதினைந்து, இருபது நாளாகும். போன மாதம் ஒரு முகாமில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 152, பிபி 156/98, இடுப்பளவு 104 செ.மீ. என்றார்கள். எழுதிக்கொடுத்த மாத்திரையைப் போடுவதில்லை. “நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறேன், இதைவிட என்ன எக்சசைஸ்?” என்கிறார். நல்ல குறட்டை வேறு. இரண்டு மாதமாகத் தார்ப்பாய் கட்டும்போது மட்டும் நெஞ்சை அடைக்கிறதாம். உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. கேஸ் என்கிறார்.
- வாசகி, நாமக்கல்

பதில்: சர்க்கரை, பிபி எல்லாவற்றையும் விட, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிகள்தான் என்னைக் கவலைப்பட வைத்தன. உடம்பு உழைக்கும்போது நெஞ்சு அடைத்து, உட்கார்ந்ததும் விட்டுவிடுகிறது என்றால் அது கேஸ் இல்லை என்றே முதலில் நினைக்க வேண்டும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் இப்படித்தான் இருக்கும். கேஸுக்குத் தார்ப்பாய் கட்டுகிறோமா, சும்மா இருக்கிறோமா என்பது தெரியாது, இதயத்துக்குத் தெரியும்.

அடுத்த டிரிப் ஏறுவதற்கு முன் அவரை இதய மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை வண்டி எடுக்க வேண்டாம், ஓனர் என்ன சொன்னாலும் சரி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது. எக்கோ, டிரெட்மில், தேவைப்பட்டால் ஆஞ்சியோ வரை மருத்துவர் முடிவு செய்வார். செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். இதற்கிடையில் சும்மா இருக்கும்போதே நெஞ்சு அடைத்தாலோ, உட்கார்ந்த பிறகும் வலி விடாமல் வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது.

சரி, ஸ்டியரிங் எக்சசைஸ் கதைக்கு வருவோம். லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை. ஆனால் டிக்கெட் கொடுக்க நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக இருந்தது. சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது டிரைவர்களின் இடுப்புதான் பெரிது. வேலையில் சேரும்போதே அவர்கள் பருமனாக இருந்தார்களோ என்ற கேள்வியும் எழுந்தது; அது நியாயமான கேள்விதான். இருந்தாலும் உட்கார்ந்த வேலையைப் பற்றி உலகம் யோசிக்கத் தொடங்கியது அங்கேதான்.

ஓட்டும்போது வருவது அசதி, உழைப்பு அல்ல. சாப்பிட்ட சர்க்கரையை அதிகம் எரிப்பவை தொடையும் கெண்டைக்காலும். அவை பத்து மணி நேரம் சும்மா கிடந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்குகிறது, மிச்சம் தொப்பையில் சேர்கிறது. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இவருக்கோ 104. நாள் முழுக்கக் கால் அசைவதில்லை. தார்ப்பாய் கட்டும் அரை மணி நேரம்தான் இதயம் நிஜமாக வேலை செய்கிறது. அங்கேதான் அது முனகுகிறது.

மாத்திரையை ஏன் போடுவதில்லை என்று கேட்டீர்களா? என்னிடம் வரும் டிரைவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, அடிக்கடி சிறுநீர் வரும், வண்டியை நிறுத்த முடியாது. சில பிபி மாத்திரைகள் அப்படித்தான்; மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். இன்னொன்று, தலைசுற்றல். சர்க்கரை தாழ்ந்துபோனாலும் அப்படி வரும். சர்க்கரை மாத்திரைகளில் மெட்ஃபார்மின் மட்டும் போட்டால் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. கிளிமிபிரைடு என்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் தாழ்ந்துவிடும், ஸ்டியரிங் முன்னால் அது ஆபத்து. “நான் லாரி டிரைவர்” என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து மறைப்பவர்கள் நிறையப் பேர். மறைப்பதால் நோய் போவதில்லை.

குறட்டையையும் விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று ஒரு ராத்திரி கவனியுங்கள். இருந்தால் பிபி ஏறுவதற்கும் பகலில் கண் சொக்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அதற்குத் தனியாகப் பரிசோதனை உண்டு.

இதயப் பரிசோதனை முடிந்து, நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் கேபினில் படுத்து போன் பார்ப்பதற்குப் பதில் நடக்கலாம். டீயில் சர்க்கரை வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று எண்ணிப் பார்த்தால் அவருக்கே தூக்கிவாரிப்போடும். ராத்திரி பதினொரு மணிப் பரோட்டாவுக்குப் பதில் வண்டி அடுப்பில் பருப்பும் காயும் வைத்துக் கொஞ்சம் சோறு, இரண்டு அவித்த முட்டை. நாமக்கல்காரருக்கு முட்டை யோசனை சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். பீடி, புகையிலை இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை.

முகாமில் கொடுத்த சீட்டையும், போடாமல் வைத்திருக்கும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள்.